குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டால் ஆபத்தா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைக் கலங்கடிக்கும் செய்தி இது: "குழந்தை உள்ளேயே மோஷன் போயிடுச்சு." கேட்டதும் சிலர் உயிருக்கே ஆபத்து என்று பதறுவார்கள். "கொஞ்சம் அழுக்குத் தண்ணி குடிச்சிருக்கு, சரியாயிடும்" என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். இரண்டுமே சரியல்ல. உண்மையில் என்ன நடக்கிறது?

மெக்கோனியம் என்றால் என்ன?

குழந்தையின் முதல் மலம்தான் மெக்கோனியம். கரும்பச்சை நிறத்தில், தார் போல ஒட்டும். பெரும்பாலான குழந்தைகள் பிறந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் இதைக் கழித்துவிடும். சில குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே கழித்துவிடுவதால் பனிக்குட நீர் பச்சையாக மாறுகிறது. 100 பிரசவங்களில் சுமார் 10 முதல் 15 வரை இப்படி நடக்கிறது. நாள் தள்ளிப்போன பிரசவங்களில் இது அதிகம்.

அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் ஆபத்தா?

இல்லை. நீர் பச்சையாக இருந்த குழந்தைகளிலும் சுமார் 5 சதவீதத்தினருக்குத்தான் 'மெக்கோனியம் ஆஸ்பிரேஷன் சிண்ட்ரோம்' என்ற மூச்சுப் பிரச்சினை வருகிறது. வயிற்றுக்குள் போன மெக்கோனியத்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. நுரையீரலுக்குள் போனதுதான் பிரச்சினை.

ஆக்சிஜன் குறையும்போது குழந்தை கருப்பையிலேயே மூச்சை ஆழமாக இழுக்கிறது. அப்போது உள்ளே போகும் மெக்கோனியம் மூச்சுக்குழாய்களை அடைத்து, நுரையீரலைப் புண்ணாக்குகிறது. காற்றுப்பைகள் சுருங்கிவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளையும் செயலிழக்கச் செய்கிறது.

பிறந்ததும் உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா?

பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். சோர்வாகப் பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் விட்டு உறிஞ்சுவது வழக்கமாக இருந்தது. ஆனால் புதுச்சேரி ஜிப்மர், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் நடந்து, 2015, 2016-ல் வெளியான ஆய்வுகளில் இதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. 2015-லேயே சர்வதேச வழிகாட்டுதல்களும் மாறின. இப்போது முக்கியம், குழந்தை மூச்சு விடவில்லை என்றால் முதல் நிமிடத்திலேயே மாஸ்க் வைத்துக் காற்று கொடுப்பதுதான். நன்றாக அழுது, கைகால் அசைக்கும் குழந்தையைத் தாயிடமே விட்டுக் கண்காணித்தால் போதும்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

* நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு விடுவது
* மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது
* மூக்குத் துவாரம் விரிவது, முனகுவது
* உதடு, நாக்கு நீலமாவது

இவை பெரும்பாலும் பிறந்த சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தெரிந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுத் திணறும்போது அது புரை ஏறலாம்.

சிகிச்சை என்ன?

பாதிப்பைப் பொறுத்து ஆக்சிஜன், சிபேப், வென்டிலேட்டர், தேவைப்பட்டால் சர்ஃபாக்டன்ட் மருந்து. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகின்றன. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடினால் நிலைமை தீவிரமாகும். பிறக்கும்போது ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த குழந்தைகளுக்கு, வீடு திரும்பிய பிறகும் வளர்ச்சிப் பரிசோதனை அவசியம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நாள் கடந்தும் "வலி வரட்டும் பார்த்துக்கலாம்" என்று வீட்டிலேயே இருக்காதீர்கள். 41 வாரம் முடிந்தும் வலி வராவிட்டால், மருந்து மூலம் பிரசவத்தைத் தூண்ட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பனிக்குடம் உடைந்தால் நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அரசு மருத்துவமனைகளில் ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின் கீழ் பிரசவம், சிசேரியன், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சை, வாகன வசதி எல்லாம் இலவசம். பிரசவத்துக்கு இடம் முடிவு செய்யும்போதே, அங்கே பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: "நீ ஒழுங்கா சாப்பிடல, அதான் இப்படி ஆச்சு" என்று தாயைக் குறை சொல்லாதீர்கள். குழந்தை உள்ளே மலம் கழிப்பது தாயின் தவறால் நடப்பதில்லை.