எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய வாழ்வும் தன்னுருவமும்

எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்தைய வாழ்வு என்பது, மிகையான உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அதன் பின்னர் ஏற்படும் உடல், உள, சமூக மாற்றங்களைக் குறிக்கும். ஒருவர் தம் உடலைத் தாமே எவ்வாறு காண்கிறார் என்பதாகிய தன்னுருவம் இம்மாற்றங்களுள் முதன்மையானது. எடை சில மாதங்களிலேயே பெருமளவு குறைந்துவிடுகிறது. மனத்தில் பதிந்த பழைய உருவம் அவ்வளவு விரைவில் மறைவதில்லை. இந்த இடைவெளியைக் கடப்பதற்கு, அதே அறுவையைச் செய்துகொண்ட பிறருடன் கூடிப் பேசும் சக ஆதரவுக் குழுக்கள் உதவுகின்றன. இத்துறையில் நடந்த நீண்டகால ஆய்வுகளுள் பல ஐக்கிய அமெரிக்கா, சுவீடன், கனடா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவை.

வரலாறு

உடல் எடையைக் குறைப்பதற்காகச் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இணைக்கும் அறுவை 1954 ஆம் ஆண்டில் மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. அம்முறை கடும் வயிற்றுப்போக்கு, கல்லீரல் பாதிப்பு, சிறுநீரகக் கல் முதலியவற்றை உண்டாக்கியதால் பின்னர் கைவிடப்பட்டது. புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் எடை குறைவதைக் கவனித்த அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன், சிக்காசி இட்டோவுடன் இணைந்து 1966 இல் கேஸ்ட்ரிக் பைபாஸ் எனப்படும் இரைப்பை மாற்றுவழி அறுவையை உருவாக்கினார். 1990களில் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை வந்தபின் இவ்வறுவை பரவலாயிற்று. 1999 இல் அமெரிக்கப் பாடகி கார்னி வில்சனின் அறுவை இணையத்தில் நேரடியாகக் காட்டப்பட்டது. அதுவரை பலரும் மறைத்து வந்த ஒரு சிகிச்சை பொதுவெளியில் பேசப்படுவதற்கு இந்நிகழ்வு துணைபுரிந்தது.

1991 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வெளியிட்ட பரிந்துரை, உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களையும், பருமன் சார்ந்த கடும் நோய்களுடன் 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களையும் இவ்வறுவைக்கு உரியவர்களாகக் கருதியது. 2022 இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை இவ்வரம்பைத் தளர்த்தியது. அதன்படி 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் பிற நோய்கள் இல்லாவிடினும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. ஆசிய மக்களுக்கு 27.5 என்னும் அளவிலிருந்தே அறுவையைக் கருதலாம் என்றும் அது கூறுகிறது.

உடலில் ஏற்படும் மாற்றங்கள்

இரைப்பை மாற்றுவழி அறுவையில் இரைப்பையின் மேற்பகுதி ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலுடன் இணைக்கப்படுகிறது. ஸ்லீவ் எனப்படும் மற்றொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கு மேல் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியது குழாய் வடிவில் விடப்படுகிறது. இவ்விரு முறைகளும் கொள்ளளவைக் குறைப்பதுடன் நில்லாமல், பசியையும் நிறைவையும் உணர்த்தும் குடல் இயக்குநீர்களையும் மாற்றுகின்றன.

அறுவைக்குப் பின் முதலில் நீர்ம உணவும், பின்னர் மசித்த உணவும், சில வாரங்கள் கழித்துத் திட உணவும் உண்ணப்படுகின்றன. புரத உணவை முதலில் உண்ணுதல், நன்றாக மென்று விழுங்குதல், உணவுடன் நீர் அருந்தாமை ஆகியவை பொதுவான அறிவுரைகளாகும். மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள் இனிப்பை மிகுதியாக உண்டால் அது விரைந்து குடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, தலைச்சுற்றல் ஆகியவற்றை ஏற்படுத்தலாம். இரும்பு, சுண்ணாம்பு, உயிர்ச்சத்து பி12, உயிர்ச்சத்து டி முதலியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் சில மாதங்களில் பலருக்கு முடி கொட்டுகிறது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை காத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

தன்னுருவம்

எடை குறைந்தபின்னும் தம்மைப் பருத்தவராகவே உணர்தல் உளவியலில் 'மாயக் கொழுப்பு' என்று குறிப்பிடப்படுகிறது. இந்நிலையில் உள்ளவர் கடையில் தமக்குப் பொருந்தாத பெரிய உடையையே எடுப்பார். போதிய இடம் இருந்தும் இரு நாற்காலிகளுக்கு இடையே பக்கவாட்டில் திரும்பி நடப்பார். கைப்பிடி உள்ள நாற்காலியில் அமரும் முன் தயங்குவார். ஒளிப்படத்தில் உள்ளவர் தாமே என்பதை நம்ப இயலாமல் நிற்பார். பல ஆண்டுகள் பழகிய உடலளவு பற்றிய உணர்வு, உடல் மாறிய வேகத்தில் மாறாமையே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. சிறுவயதிலிருந்தே பருமனாக இருந்தவர்களிடமும், உடலைப் பற்றிய ஏளனத்திற்கு ஆளானவர்களிடமும் இவ்வுணர்வு ஆழமாகப் பதிந்திருக்கக்கூடும்.

விரைந்த எடை இழப்பால் வயிறு, மேற்கைகள், தொடைகள், மார்பு ஆகிய இடங்களில் தோல் தொங்குகிறது. தோல் மடிப்புகளில் புண்ணும் தொற்றும் ஏற்படலாம். எடையிழப்பை எதிர்பார்த்தவர் பலர் இத்தோலை எதிர்பார்ப்பதில்லை. உடையணிந்த நிலையில் மகிழ்ச்சியும், உடையற்ற நிலையில் வெட்கமும் ஒருவரிடமே இருப்பதுண்டு. மிகைத்தோலை நீக்கத் தனி அறுவை தேவைப்படுகிறது. அதைப் பல மருத்துவக் காப்பீடுகள் அழகுக்கான சிகிச்சையாகக் கருதி ஏற்பதில்லை.

பருமனுடன் வாழ்ந்தவர்கள் பட்ட துன்பத்தின் அளவை 1991 இல் கொலின் ராண்ட், அலெக்ஸ் மெக்ரிகர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அறுவையால் 45 கிலோகிராம் அல்லது அதற்கு மேல் எடை இழந்த 47 பேரிடம், மீண்டும் பழைய பருமனை அடைவதா, வேறொரு குறையுடன் இயல்பான எடையில் வாழ்வதா என்று வினவப்பட்டது. பத்தில் ஒன்பது பேர் அளவில், பருமனைவிடக் காலிழப்போ பார்வையிழப்போ மேல் என்றனர். பருத்த பெருஞ்செல்வராக இருக்க ஒருவர்கூட விரும்பவில்லை. இவ்விடைகள் உடலின் சுமையை மட்டுமன்றி, சமூகத்தின் இகழ்ச்சியையும் அளவிடுவனவாகக் கருதப்படுகின்றன.

உறவுகளும் சமூகமும்

எடை குறைந்தவரிடம் பிறர் கனிவுடன் பழகத் தொடங்குகின்றனர். இது மகிழ்ச்சி தருவதுடன், முன்பு தாம் மதிக்கப்படாமல் இருந்ததை நினைவூட்டிச் சினத்தையும் எழுப்புகிறது. அறுவை செய்துகொண்டவர் 'எளிய வழியைத்' தேர்ந்தெடுத்தவர் என்னும் பழிச்சொல்லும் வழங்குகிறது. வாழ்நாள் முழுவதும் தொடரும் உணவுக் கட்டுப்பாட்டையும் மருத்துவக் கண்காணிப்பையும் நோக்க, இக்கருத்து பொருந்தாது. இப்பழிக்கு அஞ்சியே பலர் தம் அறுவையை நெருங்கியவர்களிடமும் மறைக்கின்றனர்.

சுவீடனில் 2018 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அறுவை செய்துகொண்டவர்களில் தனித்திருந்தவர்கள் புதிய உறவிலோ திருமணத்திலோ இணைவதும், துணையுடன் இருந்தவர்கள் பிரிவதும் அறுவை செய்யாதவர்களைவிட மிகுதியாக இருந்தன. பிரிவு எப்போதும் தீங்கெனக் கொள்ளலாகாது. தன்மதிப்புப் பெற்ற ஒருவர் தமக்கு ஒவ்வாத உறவிலிருந்து விலகுவதும் இதில் அடங்கும்.

உளநல இடர்கள்

2007 இல் வெளியான யூட்டா மாநில ஆய்வில், இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்ட 7,925 பேரின் மொத்த இறப்பு வீதம், அவர்களுக்கு ஒத்த பருமன் உடைய பிறரைவிட 40 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயினும் விபத்து, தற்கொலை முதலிய நோயல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்புகள் 58 விழுக்காடு கூடுதலாக இருந்தன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்த மற்றோர் ஆய்வில், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த நிகழ்வுகள் அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயின. அவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நேர்ந்தன. மருத்துவமனைக் கண்காணிப்பு குறையும் காலமும் இதுவேயாகும்.

மாற்றுவழி அறுவைக்குப் பின் மது விரைவாகக் குருதியில் கலக்கிறது. 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மதுப் பயன்பாட்டுக் கோளாறு உடையோர் அறுவைக்கு முன் 7.6 விழுக்காடாகவும், அறுவையின் இரண்டாம் ஆண்டில் 9.6 விழுக்காடாகவும் இருந்தனர். துயரைத் தணிக்க உணவை நாடியவர்கள், அவ்வழி அடைபட்டபின் வேறொன்றை நாடுகின்றனர் என்பது ஒரு விளக்கமாகும். மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தோன்றினால் காலம் தாழ்த்தாது உளநல மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

சக ஆதரவுக் குழுக்கள்

ஒரே துன்பமுடையோர் ஒருவருக்கொருவர் துணையாகும் முறைக்கு, 1935 இல் ஒகையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் தோன்றிய பெயரறியாக் குடிநோயாளிகள் இயக்கம் முன்னோடியாகும். எடை தொடர்பாக 1948 இல் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் தொடங்கிய குழுவும், 1963 இல் நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் தொடங்கிய எடைக் கண்காணிப்பாளர் அமைப்பும் இம்முறையைப் பின்பற்றின. அறுவை மையங்கள் இதனைத் தம் தொடர் சிகிச்சையின் பகுதியாக ஏற்றுக்கொண்டன.

இக்குழுக்களில் அறுவைக்குக் காத்திருப்பவர்களும், அண்மையில் செய்துகொண்டவர்களும், பல ஆண்டுகள் கடந்தவர்களும் வட்டமாக அமர்ந்து பேசுகின்றனர். முடி கொட்டுவது நிற்குமா, விருந்தில் எவ்வளவு உண்பது, உறவினர் வினவினால் என்ன சொல்வது போன்ற வினாக்களுக்கு, அவற்றைக் கடந்து வந்த ஒருவரின் விடை கிடைக்கிறது. பொருந்தாமற்போன ஆடைகளை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்வதும் உண்டு.

குழுக்களில் வழங்கும் சில கருத்துகள்:

* மனப்பசி - வயிறு நிறைந்திருந்தும் கவலை, சலிப்பு, பழக்கம் ஆகியவற்றால் எழும் உண்ணும் விருப்பம்.
* எடைக்கருவி காட்டாத வெற்றி - காலணிக் கயிற்றைத் தாமே கட்டுதல், வானூர்தி இருக்கைப் பட்டை நீட்டிப்பின்றிப் பொருந்துதல் போன்றவை.
* தேனிலவுக் காலம் - பசி குறைந்து எடை விரைந்து இறங்கும் முதல் ஓராண்டு.

குழுக்களில் தொடர்ந்து பங்குபெறுவோர் கூடுதலாக எடை இழப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் ஊக்கம் மிக்கவர்களே தொடர்ந்து வருவார்கள் என்பதால், இதனைக் குழுவின் விளைவாக மட்டும் கொள்ள இயலாது. சக உறுப்பினர் மருத்துவருக்கோ உணவியலாளருக்கோ மாற்றாகார். எடையிழப்பை ஒப்பிட்டுப் போட்டியிடும் குழுக்களில் பின்தங்கியவர் வெட்கி விலகிவிடும் இடரும் உண்டு.

எடை மீளல்

சுவீடன் பருமனர் ஆய்வில், எடையிழப்பு முதல் ஓரிரு ஆண்டுகளில் உச்சத்தை அடைந்து பின்னர் சற்றே குறைந்தது. பத்தாம் ஆண்டில் இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள் தம் தொடக்க எடையில் சராசரியாக 25 விழுக்காடு குறைந்திருந்தனர். ஓரளவு எடை மீள்வது இயல்பே. ஆனால் அதனைத் தம் தோல்வியாகக் கருதி மருத்துவரையும் குழுவையும் தவிர்ப்பவர்கள், உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதனை இழக்கின்றனர். உணவு ஆலோசனை, உளவியல் ஆலோசனை, செமாகுளுடைடு போன்ற மருந்துகள், சிலருக்கு மறு அறுவை ஆகியவை இந்நிலையில் பயன்படுத்தப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* உடல் பருமன்
* உடல் நிறை குறியீட்டெண்
* இரைப்பை
* நீரிழிவு நோய்
* மனச்சோர்வு