ஊவாவுக்கு ரொட்டி வந்த கதை

ஊவாவின் பதுளை நகரை ஏறக்குறைய வளைத்துக்கொண்டு ஓடும் பதுளை ஓயா, துன்ஹிந்தையில் 64 மீட்டர் கீழே குதித்து, அப்புறம் மகாவலியோடு சேர்ந்துவிடுகிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் அந்த அருவியையும் முதியங்கனை விகாரையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் இந்த வாரம் அடுப்பங்கரைப் பக்கம் போவோம்.

அடுப்புக்குப் பொருள் தரும் சந்தைக்கு இந்த வட்டாரத்தில் வயது ஆயிரத்துக்கு மேல். மகியங்கனைக்கு அருகே சொரபொரவில் கிடைத்து, வெள்ளைக்காரர் காலத்தில் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட தூண் கல்வெட்டு ஒன்று உண்டு. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் உதய மன்னன் வெட்டுவித்தது. ஹோபிட்டிகம சந்தையில் அதிகாரிகள் செய்த அட்டூழியத்தை வியாபாரிகள் முறையிட, அரசன் விதித்த கட்டுப்பாடுகள் அதில் இருக்கின்றன. வரி வாங்குபவனின் கை அன்றும் நீளம்தான்!

மலையில் கதை வேறு; அங்கே அரிசி சந்தையிலிருந்து வரவில்லை. முதலில் கோப்பி. 1869இல் இலை நோய் கண்டு அது படுத்துவிட, தேயிலை வந்தது. தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த சனங்களுக்கு அரிசியைத் தோட்டமே கொடுத்தது. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலும் இந்தியாவிலும் விளைந்தது. 1924இல் பதுளை வரை ரயில் ஓடத் தொடங்கியதும் தேயிலை இறங்கியது, அரிசி ஏறியது.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது; பற்றாக்குறைக்குக் கோதுமை மா வந்தது. சோறு தின்று பழகிய வாய் அதை எளிதில் ஏற்றிருக்காது. ஆனால் லயத்துப் பெண்கள் அந்த மாவைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள். தேங்காய்ப்பூ, உப்பு, கொஞ்சம் தண்ணீர். கனமாகத் தட்டித் தாச்சியில் போட்டு, விளிம்பு கருகும்வரை சுட்டெடுப்பது. தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்துத் தேசிக்காய் பிழிந்தது. கொழுந்து பறிக்கப் போகும்போது ரொட்டியை மடித்துக் கொண்டுபோகலாம், ஆறினாலும் கெடாது, ஒன்று தின்றால் மத்தியானம்வரை தாங்கும். மலைவேலைக்கு இதைவிடத் தோதான சாப்பாடு ஏது?

1973, 74இல் அந்த மாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. பங்கீடு குறைந்து, தோட்டங்களில் சனங்கள் பட்டினியில் செத்தார்கள். பலர் பிழைப்புத் தேடி வன்னிக்குப் போனார்கள். ரொட்டியை ஏழைச் சாப்பாடு என்று முகம் சுளிப்பவர்கள் இந்த இரண்டு வருடங்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஊவாத் தேயிலையின் ஜூலை முதல் செப்டம்பர் வரையான பருவத்து வாசனைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அதைப் பறித்தவர்களின் தட்டில் என்ன இருந்தது என்பதை எழுதிவைத்தவர்கள் குறைவு. பஞ்ச காலத்தைக் கண்ட தாத்தா, பாட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், அன்று என்ன சமைத்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.