வலிவுக்குத் தாவும் விரல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி லீட் கிட்டார் கற்கிறாள். ஸ்தாயி தாவும் இடத்தில்தான் விரல் தடுக்குகிறதாம். ஆறாம் கம்பியில் 3ஆம் மெட்டு, நான்காம் கம்பியில் 5ஆம் மெட்டு: ஒரே சுரம், கீழும் மேலுமாக. இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். நடுவிலுள்ள ஐந்தாம் கம்பி ஆள்காட்டி விரல் நுனி பட்டு அடங்கிக் கிடக்க வேண்டும். இந்தப் பிடி குலையாமல் கை மேலும் கீழும் ஓட வேண்டும். “பொம்பளைக் கைக்கு எட்டாது” என்றாராம் சொல்லிக்கொடுப்பவர்.

எட்டாதா? மெலிவு, சமன், வலிவு என்று மூன்று ஸ்தாயிகளையும் சிலப்பதிகாரம் பெயர் சொல்லி அழைக்கிறது. அதில் யாழ் மாதவியின் கையில் இருக்கிறது. கானல்வரியில் அவள் வாசித்துப் பாடி முடித்ததும் கோவலன் எழுந்து போய்விடுகிறான். வாசிப்பில் பிழையென்று அவன்கூடச் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினால் சென்னை ஜார்ஜ் டவுன் பக்கம்தான். அங்கேதான் வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்கார்ந்தார்கள். மீட்டு அணியாமல் வெறும் விரலால் மீட்டியவர். வீணையில் 24 மெட்டு. 12 தாண்டினால் அதே சுரம், ஒரு ஸ்தாயி மேலே. கிட்டாரிலும் அதே 12தான்.

அவர் பிறந்தது தேவதாசி மரபில். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலை ஒழித்தது. ஒழிய வேண்டியதுதான், எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மரபின் பெண்கள் பலர் தங்கள் கலையைச் சொல்லக் கூசும்படி ஆனதும் அதே காலத்தில்தான். வீணையோ வேறு வீடுகளின் கூடத்துக்குப் போய், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டும் தகுதியாகிவிட்டது. தனம்மாளின் பேத்திகள் பாலசரஸ்வதி, பிருந்தா, முக்தா ஆகியோரின் பெயர்கள் நிலைத்தன. மற்ற வீடுகளில் வாசித்த பெண்களின் பெயர்களைத் தேடுகிறவர்களுக்குத்தான் தெரியும் சிரமம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பினப் பெண் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1938இலேயே இசைத்தட்டில் பாடி வாசித்தவர். எலெக்ட்ரிக் கிட்டாரில் அவர் காட்டிய வழியில்தான் ராக் அண்ட் ரோல் நடந்தது. அவருக்குக் கிடைத்த பாராட்டு, “ஆம்பளை மாதிரி வாசிக்கிறாள்.” ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்தது 2018இல், அவர் இறந்து 45 ஆண்டுகள் கழித்து.

இதையெல்லாம் மாணவியிடம் சொன்னேன். “சரிங்க மேடம், விரல் வலிக்குதே, அதுக்கு என்ன பண்றது?” என்றாள். போன வாரம் ஒலிப்பதிவு ஒன்று அனுப்பினாள். 3ஆம் மெட்டிலிருந்து 15க்குத் தாவும் இடத்தில் நடுக்கம்பி இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது.