பாராவியூவில் தரவுப் பகுதியும் பார்வைத் திசையும்

பாராவியூ, அறிவியல் கணிப்புகளிலும் அளவீடுகளிலும் குவியும் எண்களை முப்பரிமாணப் படமாக்கிக் காட்டும் திறமூல மென்பொருள். கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகமும் 2000ஆம் ஆண்டு இதை உருவாக்கும் பணியைத் தொடங்கின. முதல் பொது வெளியீடு 2002 அக்டோபரில் வந்தது. 1993இல் ஷ்ரோடர், மார்ட்டின், லோரன்சன் ஆகிய மூவர் எழுதத் தொடங்கிய விடிகே என்னும் நிரல் தொகுப்பே இதன் அடித்தளம். தரவில் எந்தப் பகுதியை எடுப்பது, அதை எந்தத் திசையிலிருந்து பார்ப்பது என்ற இரண்டும் பாராவியூவில் தனித்தனி வேலைகள். படத்தைப் பெரிதாக்கினால் கேமராதான் நெருங்கும். தரவில் ஓர் எண்கூடக் குறையாது. பகுதியை வெட்டி எடுத்தாலோ அடுத்த கட்டக் கணக்குகள் எல்லாம் அந்தத் துண்டின் மேல் மட்டுமே நடக்கும்.

பார்வைத் திசைக்கு நெடிய வரலாறு உண்டு. ஒரு பொருளின் திசையை மூன்று கோணங்களால் குறிக்கும் முறை கணித அறிஞர் ஆய்லர் காலத்தது. ஆனால் சில நிலைகளில் இரண்டு சுழற்சி அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு திசையில் திருப்பும் வசதியே போய்விடும். இதைத் தவிர்க்கும் கணிதத்தை டப்ளினில் கணித அறிஞர் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று கண்டார். நான்கு எண்கள் கொண்ட அந்தக் குவாட்டர்னியன்களை 1985இல் கணினி அசைவூட்டத்துக்குப் பொருத்திக் காட்டியவர் கென் ஷூமேக். அடுத்த சிக்கல் மவுஸ். அது இரண்டு திசைகளில்தான் நகரும். சுழற்சிக்கோ மூன்று வேண்டும். தரவைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கோளம் இருப்பதாகக் கொண்டு, அதைக் கையால் உருட்டுவதுபோல் மவுஸை இழுக்கும் முறையை 1988இல் சென், மவுண்ட்ஃபோர்ட், செல்லன் ஆகியோர் ஆராய்ந்தனர். ஷூமேக் 1992இல் ஆர்க்பால் முறையை முன்வைத்தார். அதில் மவுஸை எப்படிச் சுற்றி இழுத்தாலும், தொடங்கிய புள்ளிக்கே திரும்பினால் படமும் பழைய நிலைக்கு வந்துவிடும். எளிய டிராக்பால் என்னும் சுழற்சி முறையில் அப்படியில்லை. வட்டமாக இழுத்து முடித்தால் படம் சற்றுச் சாய்ந்து நிற்கும். முறைகளில் ஆர்க்பாலே நேர்த்தியானது.

விடிகே கேமராவை நிர்ணயிப்பவை அதன் இடம், அது நோக்கும் புள்ளி, மேல்திசை, பார்வைக் கோணம் ஆகியவை. பார்வைக் கோணம் இயல்பாக 30 பாகை. மேல்திசையும் நோக்குத் திசையும் ஒரே கோட்டில் விழுந்தால் எது மேல் என்று கணக்கிட வழியில்லை. அப்போது விடிகே எச்சரிக்கை தந்து, மேல்திசையைத் தானே மாற்றிக்கொள்ளும். பாராவியூவில் மவுஸின் இடப் பொத்தான் படத்தைச் சுழற்றும், நடுப் பொத்தான் நகர்த்தும், வலப் பொத்தான் பெரிதாக்கும். சுழற்சி மையத்தைத் தரவின் மேல் ஒரு புள்ளியில் வைக்கலாம். ஓர் ஓரத்தை நெருங்கிப் பார்க்கும்போது இதைச் செய்யாவிட்டால் சிறு திருப்பத்திலேயே அந்த ஓரம் திரையை விட்டு வெளியேறிவிடும். அச்சுத் திசைகளுக்குத் தனிப் பொத்தான்கள் உண்டு. தூரத்திலுள்ளதைச் சிறிதாகக் காட்டும் இயல்பு நிலையை விட்டு, இணை வீழலுக்கும் மாறலாம். நீளங்களை ஒப்பிடும் படத்துக்கு இணை வீழலே சரி.

பகுதித் தேர்வுக்கு வரிசை ஒழுங்குள்ள தரவில் எக்ஸ்ட்ராக்ட் சப்செட் என்னும் வடிகட்டி பயன்படுகிறது. மூன்று அச்சுகளிலும் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கொடுத்தால் அந்தப் பெட்டி மட்டும் தனியே வரும். பக்கத்துக்கு 512 புள்ளிகள் கொண்ட கனசதுரத்தில் புள்ளிக்கு 4 பைட் என்றால் மொத்தம் 53,68,70,912 பைட். ஒவ்வொரு அச்சிலும் பாதியை எடுத்தால் அது எட்டில் ஒரு பங்காகும். இரண்டு புள்ளிக்கு ஒன்று எனத் தாவி எடுத்தாலும் ஏறத்தாழ அதே குறைப்புத்தான். தாவும்போது கடைசி வரிசை விடுபடாமல் இருக்க எல்லையைச் சேர்க்கும் தேர்வை இயக்க வேண்டும்.

கிளிப் என்னும் வடிகட்டி தரவைத் தளம், பெட்டி, கோளம், உருளை ஆகியவற்றால் வெட்டும். வெட்டு ஓரம் வழுவழுப்பாக வருவதற்காகத் தரவின் சிறு கட்டங்களான செல்களையே அறுப்பதால், விளைவது ஒழுங்கற்ற கட்டமைப்பு. அது எக்ஸ்ட்ராக்ட் சப்செட் தரும் பெட்டியைவிடக் கூடுதல் நினைவகத்தைத் தின்னும். த்ரெஷோல்ட் என்னும் வடிகட்டி செல்களை அறுக்காது. குறித்த மதிப்பெல்லைக்குள் அடங்கும் செல்களை முழுதாகவே வைத்துக்கொள்வதால் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். பெருந்தரவில் முதலில் எக்ஸ்ட்ராக்ட் சப்செட், பிறகே கிளிப் என்ற வரிசையே சிக்கனமானது. வெட்டிய துண்டு திரையின் மூலையில் ஒதுங்கி நின்றால், ஜூம் டு டேட்டா கேமராவை அதன் மேல் கொண்டுவரும்.

வடிகட்டிகளின் வரிசையும் கேமரா நிலையும் நிலைக் கோப்பில் சேமிக்கப்படுவதால் அதே காட்சியை மறுபடி பெறலாம். இரண்டு சாளரங்களின் கேமராக்களை இணைத்தால், இரு தரவுகளும் ஒரே திசையில் ஒன்றாகத் திரும்பும். இப்போது மெய்நிகர் கண்ணாடி வழியாகவும் பாராவியூ காட்சிகளைப் பார்க்கலாம். அதில் அணிந்தவரின் தலை அசைவே கேமராவைத் திருப்புகிறது.