எட்டு இருக்கை டீசல் வாகனம்: ஒரு மலிவின் வரலாறு

பாரிஸ் மாநகரில் எம்மவர் காலூன்றிய ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் லாச்சப்பல் கடைகளையும் உணவகச் சமையலறைகளையும் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால் அக்கடைகளுக்கு அரிசி மூட்டைகளையும் மரக்கறிப் பெட்டிகளையும் சுமந்து வந்த வாகனத்தை நினைவுகூர்வோர் மிகச் சிலரே. நீண்ட உடல், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு, மூன்று வரிசை இருக்கைகள், அதிகாலையில் இயக்கினால் அயலவரை எழுப்பிவிடும் இரைச்சல். அதுவே பேஜோ 505 டீசல் குடும்ப வாகனம். ஊரில் இத்தகைய உடலமைப்புக் கொண்டதை ஸ்ரேசன் வாகன் என்போம். பிரெஞ்சுக்காரர், இருக்கைகள் கூடிய வகையை 'பமிலியால்', அதாவது குடும்பத்துக்குரியது என்று அழைத்தனர்.

எமக்கு நன்கு தெரிந்த ஒருவர் மூன்றாம் கையாக அவ்வாறான வாகனமொன்றை வாங்கியிருந்தார். வார நாட்களில் பின்னிருக்கைகளை மடக்கிவிட்டு, விடியுமுன் ருன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய் வெங்காயமும் மிளகாயும் ஏற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமையில் அதே இருக்கைகள் நிமிர்த்தப்பட்டு, அவரது பிள்ளைகளோடு அயல்வீட்டுப் பிள்ளைகளும் தமிழ்ப் பள்ளிக்குப் போவார்கள். குளிர்காலக் காலைகளில் முன்பலகையிலுள்ள சிறுவிளக்கு அணையும்வரை காத்திருந்தே இயந்திரத்தை இயக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் அவர் கண்மூடிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

இன்று அவ்வாகனம் தெருவில் இல்லை. ஏன் அது எமக்குக் கட்டுப்படியாயிற்று, ஏன் பின்னர் நகருக்கு ஆகாததாயிற்று என்னும் இரு கேள்விகளுக்கும் விடை தேடினால், ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கின்றது.

அவ்வரலாறு தொடங்குவதும் பாரிஸிலேதான். டீசல் இயந்திரத்துக்குப் பெயர் தந்த றுடோல்வ் டீசல், 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் இந்நகரின் மூன்றாம் வட்டாரத்தில், லாச்சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு தெருவில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தையார் தோற்பொருட்கள் செய்பவர். அப்பொருட்களைக் கைவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் றுடோல்வின் வேலையாக இருந்தது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, பாரிஸிலிருந்த ஏனைய பல ஜேர்மனியரைப் போல இக்குடும்பமும் வெளியேற நேர்ந்தது. அவர்கள் லண்டன் சேர்ந்தனர். அங்கிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் மட்டும் ஒக்ஸ்பேர்க் நகரிலிருந்த உறவினரிடம் படிப்புக்காக அனுப்பப்பட்டான். போர் துரத்த ஒரு நாடு, படிப்புக்காக இன்னொரு நாடு என்னும் இக்கதை எம் வாசகர்களுக்கு விளக்கம் வேண்டாதது.

அவர் வளர்ந்து பொறியியலாளரானபோது, அக்காலத்து நீராவி இயந்திரங்கள் எரிபொருளின் வெப்பத்தில் மிகப் பெரும் பகுதியை வீணாக்குவதைக் கண்டார். காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தினால் அது தானே கடுஞ்சூடாகும். அச்சூட்டில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறியின்றியே பற்றிக்கொள்ளும். இதுவே அவரது கருத்து. 1897இல் ஒக்ஸ்பேர்க்கில் நடந்த சோதனையில் அவரது இயந்திரம் எரிபொருள் வெப்பத்தின் ஏறத்தாழ 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. பெரிய ஆலை முதலாளிகளுடன் போட்டியிட இயலாது நலியும் சிறு கைவினைஞருக்குச் செலவு குறைந்த இயந்திரம் ஒன்று வேண்டும் என்பது அவரது ஆரம்பகால நோக்கங்களுள் ஒன்றாகும். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் கச்சான் எண்ணெயிலும் ஓடியது. 1913 செப்ரெம்பர் 29ஆம் நாள் இரவு, அன்ற்வேர்ப்பிலிருந்து இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமற் போனார். பின்னர் கடலில் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது.

அவரது இயந்திரம் கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் உடனே பொருந்தியது. ஆனால் காருக்குப் பொருந்த நெடுங்காலம் பிடித்தது. அழுத்தத்தைத் தாங்கும் தடித்த இரும்பினால் அது கனத்தது, அதிர்ந்தது, இரைந்தது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260 டி என்னும் டீசல் காரை வெளியிட்டது. வாடகைக் கார்ச் சாரதிகளே அதனைப் பெரிதும் விரும்பினர். நாள் முழுவதும் ஓடுபவருக்கே எரிபொருட் செலவின் அருமை தெரியும். பிரான்சில் பேஜோ நிறுவனம் 1959இல் தனது 403 காரை டீசல் இயந்திரத்துடன் விற்பனைக்கு விட்டது.

அதே நிறுவனம் குடும்ப வாகனத்திலும் நீண்ட அனுபவம் பெற்றிருந்தது. 1968இல் அறிமுகமான 504 காரின் ஸ்ரேசன் வாகன் வடிவம் 1971இல் வந்தபோது, சக்கர அச்சுகளுக்கு இடையிலான நீளம் 274 சென்ரிமீற்றரிலிருந்து 290 சென்ரிமீற்றராகக் கூட்டப்பட்டிருந்தது. பாரம் தாங்குவதற்காகப் பின்புறத்தில் உறுதியான ஒற்றை அச்சும், பக்கத்துக்கு இரண்டாகச் சுருள்விற்களும் பொருத்தப்பட்டன. குடும்ப வகையில் எழுவர் அமரலாம். டீசல் இயந்திரத்தின் வலு 70 குதிரைவலு அளவில்தான். மேடு கண்டால் மூச்சு வாங்கும். ஆனால் ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடும். 1979இல் வந்த 505 காரின் குடும்ப வகை 1982இல் வெளிவந்தபோது இருக்கைகள் எட்டாயின. பிரான்சில் அதன் உற்பத்தி 1992இல் நிறைவெய்தியது.

இனி மலிவு என்னும் விடயத்துக்கு வருவோம். புதிதாக வாங்கும்போது டீசல் கார் பெற்றோல் காரிலும் விலை கூடியதே. அது இலாபமானது இரு காரணங்களால். ஒன்று, அது குறைவாகக் குடித்தது. மற்றையது, பிரெஞ்சு அரசு பல தசாப்தங்களாக டீசல் மீது பெற்றோலிலும் குறைந்த வரி விதித்து வந்தது. லொறிகளையும் வேளாண்மையையும் தாங்குவதற்கான அவ்வரிச் சலுகை காருக்கும் சேர்ந்தே கிடைத்தது. 2013இல்கூட லீற்றருக்கு ஏறத்தாழ 18 சென்ட் வரி வேறுபாடு இருந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்காக உயர்ந்தபின் மக்கள் டீசலை நாடினர். 2008இல் கரியமிலவாயு குறைந்த கார்களுக்கு அரசு ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியதும் டீசலுக்கே துணையாயிற்று. 2012இல் பிரான்சில் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஏழு டீசல் கார்கள்.

எரிபொருள் விடயத்தில் அரசின் முடிவொன்று சாதாரண மக்களின் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதை எம்மவர் முன்னரே கற்றவர்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் நாம் ஆசிரியராக இருந்தோம். ஏ-போட்டி என்று நாம் சொல்லும் பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. அக்கார்களில் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்ற சாரதிகள் புகையைப் பற்றிச் சிந்திக்கவில்லை. சிந்திக்க அவர்களுக்கு வேறு வழி தரப்படவுமில்லை.

பாரிஸில் எமக்கு வழி இருந்தது. ஆனால் பணம் இருக்கவில்லை. வாடகைக் கார்ச் சாரதியும் வணிக முகவரும் ஓட்டிக் கழித்த வாகனம் மூன்றாம் கையாக எம்மிடம் வந்தது. எம்மிடமிருந்து சில வாகனங்கள் ஆபிரிக்காவுக்குப் போயின. மேற்கு ஆபிரிக்காவுக்கு அவை புதியனவுமல்ல. நைஜீரியாவின் கடுனா நகரில் 1975 முதலே பேஜோ கார்கள் பொருத்தப்பட்டன. செனகலில் 504, 505 வாகனங்கள் 'செத்-பிளாஸ்', அதாவது ஏழு இருக்கை என்னும் பெயரில் ஊர்களை இணைக்கும் பகிர்வு வாடகை வண்டிகளாக நெடுங்காலம் ஓடின. பணம் குறைந்த கைகளுக்கு மாறி மாறிச் சென்ற அவ்வாகனத்தோடு அதன் புகையும் உடன் சென்றது.

அப்புகையின் கணக்கு பின்னரே வெளிவந்தது. 2012 ஜூனில், லியோன் நகரில் இயங்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உறுதியாக வகைப்படுத்தியது. 2015 செப்ரெம்பரில், வொல்க்ஸ்வாகன் நிறுவனம் சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைப் பொருத்தியிருந்தமை அமெரிக்காவில் அம்பலமாயிற்று. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அது இருந்தமை தெரியவந்தது. 2016 ஜூலை 1 முதல், 1997க்கு முன் பதிவான கார்கள் வார நாட்களில் காலை 8 மணி தொடக்கம் இரவு 8 மணி வரை பாரிஸுக்குள் ஓடத் தடை வந்தது. எம் நண்பரின் 505 அன்றோடு சந்தைக்குப் போவதை நிறுத்தியது.

டீசல் வரியும் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2018 நவம்பர் 17ஆம் நாள் மஞ்சள் மேற்சட்டைப் போராட்டம் வெடித்ததற்கு அவ்வரி உயர்வே உடனடிக் காரணம். வேலைக்குப் போகக் காரை நம்பியிருந்த புறநகர், நாட்டுப்புற மக்களே அதிற் பெருமளவில் திரண்டனர். டீசல் வாங்குங்கள் என்று நாற்பது ஆண்டுகள் வரியால் சொல்லிவிட்டு, இன்று எம்மைக் குற்றவாளிகளாக்குவதா என்பது அவர்களின் கேள்வி. அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட்டிருந்த உயர்வை அரசு கைவிட்டது. ஆயினும் டீசல் காரின் காலம் மீளவில்லை. 2022இல் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு இரண்டுக்கும் குறைவானவையே டீசல்.

அண்மையில் நண்பர் வீட்டில் இக்கதை பேசப்பட்டபோது, முன்னர் அந்த மூன்றாம் வரிசையிலிருந்து வீட்டுப்பாடம் செய்த மகள், இன்று மருத்துவமனைத் தாதி, தந்தையிடம் சொன்னாள்: "அப்பா, அந்தப் புகையை நாங்களும்தானே சுவாசிச்சனாங்கள்." அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அந்தக் கார்தானே பிள்ளை உங்களைப் படிப்பிச்சது" என்றார்.

இவ்விரண்டும் உண்மையே. தந்தையார் கோருவது நன்றியை. மகள் கோருவது கணக்கை. ஆசிரியராக இருந்தவர் என்ற முறையில் நாம் சொல்லக்கூடியது இதுவே: மலிவு என்பது பொருளில் இருக்கும் குணமன்று. எவரோ ஒருவர் மீதி விலையைச் செலுத்துவதால் அது மலிவாகின்றது. டீசல் விடயத்தில் அம்மீதியை அரசு வரிச் சலுகையாகவும், நகரமக்கள் தம் நுரையீரலாலும் செலுத்தினர். வாங்கியவர் அதை அறிந்திருக்கவில்லை. அறியக்கூடிய இடத்திலிருந்தவர்களோ சொல்லவில்லை.

இன்று மின்கார் மலிவாகும் என்கிறார்கள். வாங்குவோம், நல்லதுதான். ஆனால் அதன் மீதி விலையை எந்த நாட்டில், எவர் செலுத்துகின்றார் என்று இம்முறை முன்கூட்டியே கேட்போம். கைவண்டி தள்ளிய அந்த அகதிச் சிறுவனின் கண்டுபிடிப்பு எமக்குச் சோறும் படிப்பும் தந்தது. அந்த நன்றியோடுதான் இக்கேள்வியையும் எம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கின்றோம்.