பெரியாறு கற்பிக்கும் பாடம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் தை மாதத்தில் பயணம் செய்வோர், இருமருங்கும் கதிர் சாய்ந்து நிற்கும் வயல்களைக் காண்பர். அவ்வயல்களில் பாய்ந்த நீரிற் பெரும்பகுதி மதுரைச் சீமையில் பெய்த மழையன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் பெய்து, அரபிக் கடலை நோக்கி ஓடிய மழை அது. அந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியதால் வந்த விளைவே இந்தப் பசுமை. முல்லைப் பெரியாற்று அணையின் கதை நம் நாட்டில் அறியாதார் இலர்.

எனினும் அக்கதையை ஒரு மனிதரின் விடாமுயற்சி வெற்றி பெற்ற கதையாகவே நாம் பெரிதும் சொல்லி வந்திருக்கிறோம். அது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. ஒரு திட்டம் எத்தனை முறை திருத்தி எழுதப்பட்டது, யார் யாருடைய தேவைக்காகத் திருத்தப்பட்டது என்ற வகையில் அதனை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலை விடுதி ஒன்றில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். வகுத்த திட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட, மாறும் தேவைக்கு ஏற்ப நடப்பதே சிறந்தது என்பது அதன் கருத்துகளில் ஒன்று. 'எஜைல்' என்று பெயர் பெற்ற அம்முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. மென்பொருளில் எழுதியதை அழித்து எழுதலாம். கல்லும் காறையும் கொண்டு கட்டியதை அவ்வாறு அழித்துவிட முடியாது. ஆகவே, மாறுதலுக்கு இடங்கொடுப்பது எவ்வளவு அரியது என்பதை அணையிடத்தில் கற்பதே பொருத்தமாகும்.

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயரிடத்தில் மட்டும் தோன்றியதன்று. 1789-ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை அதை ஆராயச் செய்தார். செலவை எண்ணிக் கைவிட நேர்ந்தது. 1808-இல் காப்டன் கால்டுவெல் என்ற இராணுவ என்ஜினீயர் மலையேறிப் பார்த்து, இது வெறுங்கனவு என்ற கருத்துப்பட அறிக்கை கொடுத்தார். 1850-இல் காப்டன் பேபர் சிறிய அளவில் வேலையைத் தொடங்கினார். அந்தக் காட்டில் தங்கினால் காய்ச்சல் வரும் என்று அஞ்சிய தொழிலாளர் கூடுதல் கூலி கேட்டனர், வேலை நின்றது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றைக் கட்டும் திட்டத்தை முன்வைத்தார். அதன் மேல் கடிதங்கள் ஏறினவேயன்றி மண் ஏறவில்லை.

பின்னர் 1876-ஆம் ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென்னாட்டில் எண்ணற்றோர் மாண்டனர். பஞ்சம் தேவையின் வடிவத்தையே மாற்றிவிட்டது. போட்ட பணத்திற்கு வட்டி கிடைக்குமா என்பது அதுவரை முதற்கேள்வியாக இருந்தது. மக்கள் மடியாமல் காக்க வழி உண்டா என்பதும் இப்போது அதனோடு சேர்ந்துகொண்டது. 1882-இல் பழைய திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. புனேயில் 1841-இல் பிறந்த அவர், மண் அணை என்ற கருத்தை நீக்கிவிட்டு, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காறையால் அணை எழுப்புவது என்று தீர்மானித்தார். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. மண் அணையின் மேல் வெள்ளம் ஏறினால் அணையே கரைந்துவிடும். காறை அணையோ, பாதி கட்டிய நிலையில் வெள்ளம் மேலே வழிந்தாலும் தாங்கி நிற்கும். கட்டி முடிக்கும் வரை ஆறு காத்திருக்காது என்பதை உணர்ந்து செய்த மாற்றம் இது.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நீர் தேங்குவதற்காக 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் வாடகை. 1887-இல் வேலை தொடங்கியது. சென்னைப் பயனீர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், கம்பம் பள்ளத்தாக்கின் மக்களும் உழைத்தனர். ஆற்றை ஒதுக்குவதற்காகப் போட்ட தற்காலிகத் தடுப்புகளைப் பெருமழை அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் போட்டனர்; மீண்டும் போயின. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பிறகும் வேலையின் முறையை மாற்றி அமைத்துக்கொண்டே சென்றனர். உடனிருந்து பணியாற்றிய என்ஜினீயர் மெக்கன்ஸி இவ்வரலாற்றை எழுதி 1899-இல் நூலாக வெளியிட்டார்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் விடுவது நன்றன்று. ஆற்றின் குணத்திற்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்தியவர்கள், காய்ச்சலுக்கு ஏற்ப அதே அளவில் திருத்த இயலவில்லை. அணை வேலையில் நோயுற்று மாண்டோர் 483 பேர் என்பது கணக்கு. அவர்கள் அணைக்கு வடக்கே அடக்கம் செய்யப்பட்டனர். 1850-இல் கூடுதல் கூலி கேட்டுத் திரும்பிச் சென்றவர்களை நாம் சோம்பேறிகள் என்று சொல்லத் துணிவோமா? அவர்கள் சொல்லியதும் ஒரு தேவையே. கூலியாளின் வாயிலிருந்து வந்தமையால் அது திட்டத்தில் ஏறவில்லை.

1895 அக்டோபர் 10-ஆம் நாள் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும், சுமார் 1,200 அடி நீளமும் உடையது அது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் நீளம் ஒரு மைலுக்குச் சற்று மேல். அதன் வழியே கிழக்கே இறங்கிய நீர், வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் கலந்து வைகையை அடைந்தது. பேரணையில் பிரிந்து மேலூர் வரை சென்றது.

திறப்பு விழாவோடு கதை முடிந்துவிட்டதாக எண்ணுவோர் தவறு செய்கின்றனர். தேவை அதன் பிறகும் மாறிக்கொண்டே இருந்தது. 1930-களில் அணையில் கசிவு கண்டு துளையிட்டுச் சிமெண்டுக் கலவை செலுத்தினர். பாசனத்திற்கென்றே கொண்டுவந்த நீர், மலையிலிருந்து விழும் விசையால் மின்சாரமும் தரலாம் என்று கண்டு, கூடலூருக்கு அருகே மின் நிலையம் அமைத்தனர்; 1958-லிருந்து அது இயங்கலாயிற்று. வந்த நீரைச் சமவெளியில் தேக்கிவைத்து வேண்டிய காலத்தில் விடுவதற்கு, 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை எழுந்தது. மின்சாரத்தைப் பற்றி 1886-ஆம் ஆண்டு ஒப்பந்தம் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே 1970-இல் புதிய உடன்படிக்கை செய்து, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைக் கேரளத்திற்கு விட்டுக்கொடுத்தனர். கால்வாய்க்கு எட்டாத உசிலம்பட்டி வட்டாரத்து மக்கள் நெடுநாள் கேட்டதன் பயனாக, 58 கிராமக் கால்வாய் வெட்டப்பட்டு, 2018-இல் சோதனையாக நீர் விடப்பட்டது. வைகை அணையில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும்போது மட்டுமே அதில் நீர் ஏறும். ஆயினும் ஓர் அணை தன் அறுபதாம் வயதிலும் புதிய ஊர்களின் குரலுக்குச் செவி சாய்த்தது என்பதே நான் சொல்ல வந்தது.

1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வியில் அணை உடைந்து ஊர் அழிந்தது. அதன் பின் பெரியாற்றின் கீழ்ப்புறத்தில் வாழும் கேரள மக்களின் அச்சம் பெருகியது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையின் தலையில் கான்கிரீட் சுமை ஏற்றியும், இரும்புக் கம்பிவடங்களால் பாறையோடு பிணைத்தும், பின்புறத்தில் கான்கிரீட் முட்டுக்கொடுத்தும் வலுப்படுத்தினர். 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் கூறியது. 2014 மே 7-இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. ஆயினும் மலைக்கு இருபுறமும் மனம் அமைதியுறவில்லை. மதுரைக்காரனாகிய நான் அந்த நீரை உண்டு வளர்ந்தவன். அதை விட்டுக்கொடு என்று சொல்ல என் நா எழாது. அதே வேளையில், அணைக்குக் கீழே இரவு மழையொலி கேட்டு விழித்துக் கிடக்கும் தாயின் அச்சமும் கணக்கில் சேர வேண்டிய ஒரு தேவையே என்பதை மறுக்கவும் இயலாது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. தீர்மானங்கள் இருவகைப்படும். மதகை எப்போது திறப்பது, கால்வாயை எங்கே நீட்டுவது என்பவை பின்னால் மாற்றக்கூடியவை. சுரங்க வாயிலை எந்த உயரத்தில் வைப்பது என்பது மாற்றற்கரியது. அன்று அதை அமைத்த உயரத்தால், 104 அடிக்குக் கீழே நிற்கும் நீர் நமக்கு எட்டாத நீராயிற்று. 50 அடி மட்டத்தில் இன்னொரு சுரங்கம் குடையலாம் என்ற ஆலோசனையை உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு பின்னாளில் எடுத்துரைத்தது. அது நிறைவேறினால், குறைந்த நீர்மட்டத்திலும் மதுரைக்கு நீர் வரும். அணையின் மேலுள்ள சுமையும் குறையும். நூறாண்டுக்கு மேற்பட்ட கட்டடத்திலும் திருத்தத்திற்கு இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பென்னிகுவிக்குக்கு நம் மக்கள் பொங்கல் வைக்கின்றனர். 2013-இல் கூடலூருக்கு அருகே அவருக்கு மணிமண்டபமும் எழுப்பப்பட்டது. தகும். ஆனால் அவர் வரைந்ததை ஒரு கோடும் மாற்றாமல் காப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று எவரேனும் கருதினால், அவர் தமக்கு முன்னிருந்த திட்டங்களை எவ்வாறு திருத்தினார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். கூலியாளின் குரலையும், கரையோரத்தவரின் அச்சத்தையும், கடைமடை உழவனின் தாகத்தையும் ஏட்டில் ஏற்றிக்கொண்டு அடுத்த திருத்தத்தை எழுதுவதே அவர் விட்டுச்சென்ற வேலை. அந்த வேலை நம் தலைமுறையின் கையில் இருக்கிறது.