கொடியடுப்பின் சரித்திரம்

தாமிரபரணிக் கரையிலுள்ள பழைய வீடுகளின் அடுக்களையில் அடுப்பு ஒன்றாக இருந்ததே இல்லை. களிமண்ணும் உமியும் கலந்து பிசைந்து, சாணமிட்டு மெழுகி, தரையோடு தரையாக எழுப்பிய பிரதான அடுப்பின் விலாவிலிருந்து ஒரு சிறு சுரங்கம் கிளம்பி, விறகு வைப்பதற்கு வாயே இல்லாத இன்னோர் அடுப்பில் போய் முடியும். அதுவே கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது, பானையின் அடியைத் தொட்டுவிட்டு வீணாக வெளியேறிவிடக்கூடிய அனல், இந்தச் சுரங்கத்தின் வழியே சென்று, பக்கத்தில் இருக்கும் பருப்பை வேகவைத்து, பாலைச் சூடு குறையாமல் காத்து, ஒன்றும் இல்லையானால் கை கால் கழுவ ஒரு செம்பு வெந்நீராவது காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகும்.

கொடியடுப்புக்கென்று தனியாக ஒரு சுள்ளியும் செலவாவதில்லை. அதே காரணத்தால் அதற்குச் சுதந்திரமும் இல்லை. பெரிய அடுப்பு எரிந்தால் இதுவும் சுடும், அணைந்தால் இதுவும் ஆறிப்போகும். ஆனால் அதன் சூடு மட்டானது என்பதையே ஒரு குணமாகக் கண்டுகொண்டவர்கள் திருநெல்வேலிப் பெண்கள். தேங்காயின் தலைப்பாலை விட்ட பிறகு கொதிக்கவே விடக்கூடாத சொதியைப் போன்ற ஒரு பதார்த்தத்துக்கு, தழல் நேரே தாக்காத இந்த இளஞ்சூட்டைவிடப் பொருத்தமான ஸ்தானம் வேறு எது?

கும்முட்டி வேறு ஜாதி. இரும்பினாலான இச்சிறு கரியடுப்பு யாரையும் அண்டிப் பிழைப்பதில்லை. பெரிய அடுப்பு எரியாத வேளையிலும் எரியாத இடத்திலும் தனித்து நின்று காரியம் செய்வதற்கென்றே ஏற்பட்டது. விடியற்காலையில் காபிக்கும், நோயாளிக்குக் கஷாயம் வைப்பதற்கும், பேறுகாலமான வீட்டில் தாயும் பிள்ளையும் படுத்திருக்கும் அறையில் சாம்பிராணி போடுவதற்கும், கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைத் தணலில் வாட்டுவதற்கும் அதுதான் வரும். இதில் நான் ரசிப்பது ஒன்று உண்டு. கும்முட்டிக்கு வேண்டிய கரியில் ஒரு பங்கு கடையிலிருந்து வந்ததல்ல. சமையல் முடிந்ததும் பெரிய அடுப்பின் கங்குகளை வெளியே இழுத்து, நீர் தெளித்து அணைத்து, உலர்த்திப் பானையில் சேர்த்து வைத்தது. ஆபத்துக்கு உதவும் நெருப்பையும் அன்றாட நெருப்பிலிருந்தே மிச்சம் பிடித்தார்கள்.

இத்தனை முன்யோசனைக்கும் காரணம் ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கொல்லையில் அடுக்கிய விறகெல்லாம் ஈரம் குடித்துவிடும். ஊதுகுழலை எடுத்து ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சமாகும். அடுப்புக்கு மேலேயே பரண் கட்டி, இன்றைய புகையில் நாளைய விறகை உலர்த்தும் உபாயம் அதனால்தான் பிறந்தது.

ஆனால் மழையைக் காட்டிலும் பெரிய பிரச்னை, எரிபொருள் ஊருக்கு ஊர் மாறியதாகும். கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் விளைந்த ஆற்றுப் பாசன ஊர்களில் வயலுக்குப் பஞ்சமில்லை, விறகுக்குத்தான் பஞ்சம். வைக்கோலை மாடு விட்டுக் கொடுக்காது. ஆகவே உமியே கதி. நடுவில் ஓர் உருளைக் கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியைத் திணித்து, கட்டையை உருவிவிட்டுப் பற்றவைத்தால், சுடர் அதிகமின்றி, அவசரமின்றி வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். வடக்கே கோவில்பட்டிக் கரிசலில் பருத்திமாரும் சோளத்தட்டையும் எரிந்தன. அவை குபீரென்று பற்றி, நாலு நிமிஷத்தில் சாம்பலாகி, ஓர் ஆளை அடுப்பை விட்டு எழவிடாமல் அடித்தன. மேற்கே அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்து ஏழைகள் பொதிகை அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவந்தார்கள். களக்காடு–முண்டந்துறைக் காடுகள் 1988-ல் புலிகள் காப்பகமானபின் அந்த வழியும் சுருங்கியது.

தென்கிழக்கே உடன்குடி, சாத்தான்குளத்துச் செம்மணல் தேரிகளில் நிலைமை இன்னும் கடுமையானது. காலையில் இறக்கிய பதநீர் காத்திருக்காது. அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், தவறினால் புளித்துவிடும். ஆகையால் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் பனையோலையும் மட்டையும் உடைமுள்ளுமாகக் குவித்து வைத்துக்கொண்டு, எது விரைவில் பற்றும், எது நின்று எரியும் என்று தரம் பிரித்து, மாற்றி மாற்றி அடுப்பில் தள்ளிக் கருப்பட்டியைப் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஓலை சூட்டை எழுப்பியது. முள்விறகு அதைத் தாங்கிப் பிடித்தது.

ஒரு நெருப்புக்கு இன்னொரு நெருப்பு துணை நிற்கும் இதே விஷயத்தைக் குளிர்தேசத்தார் யந்திரங்களில் கண்டுகொண்டிருக்கிறார்கள். ஹீட் பம்ப் என்பது குளிர்பெட்டியின் காரியத்தையே திருப்பிச் செய்வது. வெளியே இருக்கும் காற்றிலோ நீரிலோ உள்ள சொற்ப வெப்பத்தை வாரி வீட்டுக்குள் இறைப்பது. ஸ்விட்ஸர்லாந்தின் சூரிச் நகரத்தில், லிமாட் ஆற்றங்கரையிலுள்ள நகர மண்டபத்தை அவ்வாற்று நீரின் வெப்பத்தைக் கொண்டே சூடாக்கும் யந்திரம் 1938-லேயே அமைந்துவிட்டது. மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் தரும் இந்தச் சாதனத்துக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு: வெளியே குளிர் ஏற ஏற, வீட்டின் தேவை பெருகுகிறது, யந்திரத்தின் சக்தியோ குறைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு அப்பால் அதற்குத் துணை தேவை. அப்போது ஒரு மின்கம்பிச் சுருள் தானே விழித்துக்கொண்டு குறைந்ததை ஈடுகட்டும். வெளிப்புறக் குழாயில் படிந்த உறைபனியை உருக்குவதற்காக யந்திரம் சிறிது நேரம் எதிர்த்திசையில் ஓடும்போதும் அறை குளிராதபடி காக்கும். இது யந்திரத்தோடு கூட நிற்கும் துணை. யந்திரமே பழுதானால் முழுப் பாரத்தையும் தனியாகச் சுமப்பதற்கு, சுருளோ எண்ணெய் உலையோ வேறாக ஏற்பாடு செய்வார்கள். அது ஆபத்துத் துணை. கொடியடுப்புக்கும் கும்முட்டிக்கும் உள்ள பேதம் ஏறத்தாழ இதுதான். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறைக்கலாகாது: அங்கே துணைக்கு நிற்கும் சுருள் 1 யூனிட் தின்று 1 யூனிட்டே தருகிற செலவாளி, அதை அறியாமல் எந்நேரமும் ஓடவிட்ட வீட்டுக்காரர் மாதக் கடைசியில் ரசீதைப் பார்த்துத் திகைப்பார். நம் கொடியடுப்போ கழிவில் ஜீவித்தது.

திருநெல்வேலியில் அந்த யந்திரத்துக்கு வேலையில்லை. மார்கழி விடியலிலும் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பாபநாசத்தில் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியபின் மின்சாரம் பள்ளத்தாக்கில் பரவிற்று. மண்ணெண்ணெய் ஸ்டவ் கும்முட்டியை அப்புறப்படுத்திற்று. பின்னால் வந்த எரிவாயு அடுப்பு கொடியடுப்பின் கதையை முடித்தது. அதிலும் இரண்டு வாய் உண்டுதான், ஆனால் ஒன்றின் மிச்சத்தை மற்றொன்று உண்பதில்லை. பாளையங்கோட்டை மாடிகளில் இன்று சூரிய வெப்பத்தில் நீர் காய்ச்சும் கலன்களைக் காண்கிறோம். அவற்றின் உள்ளேயும் ஒரு மின்சுருள் பதுங்கியிருக்கிறது. ஐப்பசி மூட்டத்தில் சூரியன் பெயருக்குத்தான், வேலையெல்லாம் சுருளுடையது.

தை முதல் நாளில் மட்டும் முறை தலைகீழாகிறது. காவியும் சுண்ணாம்பும் பூசிய பொங்கல் கட்டிகளை முற்றத்திலோ தெருவாசலிலோ அடுப்பாக வைத்து, பனையோலையைச் செருகி, சூரியனுக்கு எதிரே பானை ஏற்றுகிறார்கள். குழம்பும் காய்கறியும் அன்று உள்ளே எரிவாயு அடுப்பில் வேகும். மார்கழிப் பனியில் ஓலை நமுத்திருந்தால் ஒரு கட்டிக் கற்பூரமும் கூடச் சேரும்.